அப்பா சட்டையைக் கழற்றட்டும்

போன மாதம், என்னிடம் பயிற்சி பெற்ற மருத்துவர்களான உங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். “மேடம், இது பரம்பரை வியாதின்னு பெத்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதுக்குன்னு ஏதாவது முறை இருக்கா?” நான் அப்போது முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரையும் உட்கார வைத்து எளிய வார்த்தைகளில் நிதானமாகச் சொல்லுங்கள் என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. புத்தகத்தில் இருக்கிற பதிலை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்றிருந்தது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் குழந்தை நரம்பியல் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். அதில் பெரும்பகுதி, பிறவியிலேயே வருகிற நரம்புக் கட்டி நோய்களோடு கழிந்தது. இந்த வேலையில் குணமாக்கினேன் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருக்காது. கட்டி வளர்கிறதா, சும்மா இருக்கிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்போம். தோளில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை கல்லூரிக்குப் போகும், அப்போதும் பார்த்துக்கொண்டிருப்போம். அறுவை செய்கிறவர்களுக்கு ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். நமக்கு முடிவதே இல்லை. உடம்பு களைப்பதற்கு முன்னால் மனசு களைத்துவிடும். அந்தக் களைப்பில்தான் நாம் அவசரப்படுகிறோம்.

நான் அவசரப்பட்ட கதை இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பெனிட்டாவுக்கு அப்போது மூன்றரை வயது. காய்ச்சலில் ஒரு முறை வலிப்பு வந்து, பார்த்த குழந்தை மருத்துவர் உடம்பில் திட்டுகள் இருப்பதைக் கவனித்து என்னிடம் அனுப்பியிருந்தார். பால் கலந்த காபி நிறத்தில் வயிற்றிலும் தொடையிலுமாக ஒன்பது திட்டுகள். அக்குளில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்கிற நரம்புக் கட்டி நோய் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு அது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருகிறது. மீதிப் பேருக்கு யாரிடமிருந்தும் வராமல் புதிதாகவே முளைக்கிறது.

குழந்தையோடு மூன்று பேர் வந்திருந்தார்கள். அம்மா எஸ்தர், அப்பா தேவராஜ், தேவராஜின் அம்மா. தேவராஜ் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன், குடும்பம் அணுபுரம் குடியிருப்பில் இருந்தது. அவருடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர். இதெல்லாம் அவரே சொன்னது. உட்கார்ந்த உடனே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

“மேடம், நான் பிளான்ட்ல வேலை செய்றேன். அதனாலதான் புள்ளைக்கு இப்டி ஆயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. வேலைய வுட்டுடுன்னு அம்மா சொல்லிகினே கீது. ராஜினாமா எழுதி பையில வெச்சிகினு சுத்துறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

உண்மையாகவே சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எனக்கு அந்த மனிதரின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. இந்த நோய்க்கும் அவருடைய வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தமில்லை என்று மட்டும் சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது.

எஸ்தர் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அவளுடைய வலது முன்கையில் இரண்டு காபி நிறத் திட்டுகள் இருந்தன. முழங்கைக்கு மேலே இன்னொன்று.

“இங்க பாருங்க,” என்று அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். “இது பரம்பரையா வர்றது. அம்மா கையிலயே இருக்கு. உங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க.”

தேவராஜ் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு அழுதுவிட்டார். கண் நரம்பில் வரக்கூடிய கட்டியைப் பற்றியும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை ஏன் முக்கியம் என்பதைப் பற்றியும் விளக்கினேன். சீட்டில் எழுதியும் கொடுத்தேன். அவர்கள் எழுந்து போனார்கள். ஒரு மனிதனின் சுமையை இறக்கி வைத்தோம் என்ற நினைப்போடு அன்று மத்தியானம் திருப்தியாகச் சாப்பிட்டேன். அதுவும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. வரவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை. வருகிறவர்களைப் பார்க்கவே நேரம் போதாது. வராதவர்களைத் தேடுவதற்கு எங்கள் பிரிவில் அப்போது ஆளும் இல்லை, வழக்கமும் இல்லை.

இரண்டரை வருடம் கழித்து எஸ்தர் மட்டும் குழந்தையோடு வந்தாள். பெனிட்டா முதல் வகுப்பில் இருந்தாள். நோட்டைக் கோணலாகப் பிடிக்கிறாள், நடக்கும்போது இடது பக்கம் இடித்துக்கொள்கிறாள் என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தேன். கண்பாப்பா சுருங்கியது. வெளிச்சத்தை இடது கண்ணுக்கு நகர்த்தினேன். சுருங்க வேண்டிய கண்பாப்பா மெல்ல விரிந்தது. ஸ்கேனுக்கு அனுப்பும்போதே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கண் நரம்பு முழுக்கக் கட்டி. இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்திக்கிற இடம்வரை வந்திருந்தது. இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணை அது இன்னும் தொடவில்லை.

ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் எஸ்தரிடம் கோபப்பட்டேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

“ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கண்ணைக் காட்டச் சொன்னேனே. ஏம்மா வரல?”

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றது மேடம். நீங்க சொன்ன அன்னிக்கே வூட்ல ஆரமிச்சிட்டாங்க. நோவ மறச்சி கட்டிக் குடுத்துட்டாங்க, எங்க பையன் தலையில கட்டிட்டாங்கன்னு. அவுரு ஒரு வார்த்த பேசல. என் தங்கச்சிக்குப் பேசி முடிச்ச எடம், அக்காவுக்கே இப்டி கீதுன்னு கேள்விப்பட்டு நின்னு போச்சு. நான் படூர்ல எங்கப்பா வூட்டுக்கு வந்துட்டேன். அங்க ஒரு காலேஜில லேப்ல வேலை.”

“அதுக்கும் குழந்தையக் காட்டாததுக்கும் என்ன சம்பந்தம்?”

“இங்க வந்தா திரும்பவும் என் கையத்தான் பிடிச்சுக் காட்டுவீங்க. அந்த பயம்தான்.”

அப்போதுதான் கவனித்தேன். நல்ல வெயில் காலம். அவள் மணிக்கட்டுவரை மூடிய கையுள்ள சுடிதார் போட்டிருந்தாள்.

எனக்குப் பயிற்சி கொடுத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். முன்கோபி. அதிகம் பேச மாட்டார். இந்தத் திட்டுகளோடு எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “அப்பா சட்டையைக் கழற்றட்டும்.” கலெக்டர் ஆனாலும் கழற்ற வேண்டும். அம்மாவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் நாங்கள் பார்க்க வேண்டும். பிறகு இருவரும் கண் பிரிவுக்குப் போய்க் கருவிழிப் படலத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். அதுவரை பரம்பரை என்ற சொல்லை அவர் உச்சரிக்க மாட்டார். கூட்டம் நிற்கிற நேரத்தில் இவர் இப்படிச் செய்கிறாரே என்று நாங்கள் கேலி செய்வோம். கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று அந்தப் பரிசோதனையை எஸ்தருக்கு நானே செய்தேன். உடம்பில் வேறு எங்கும் எதுவும் இல்லை. மொத்தமே அந்த மூன்று திட்டுகள்தான். மூன்று திட்டுகள் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் இருக்கும். முதல் வருட மாணவருக்குத் தெரிந்த விஷயம். கண் மருத்துவரிடம் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவர் தொலைபேசியில் சொன்னார். “இந்தம்மாவோட கண்ணு சுத்தமா இருக்கு. இந்த வயசுல இவங்களுக்கு அந்த நோய் இருந்தா கருவிழியில முடிச்சு தெரிஞ்சிருக்கணும். ஒண்ணுகூட இல்ல. இவங்ககிட்டேர்ந்து வரல.”

எஸ்தர் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள். “உன் வீட்டுக்காரருக்கு உடம்புல இந்த மாதிரி திட்டு எங்கயாவது இருக்கா?” என்று கேட்டேன்.

“முதுகு பூரா கீது மேடம். சின்னச் சின்னதா உருண்ட மாதிரியும் கீது.”

“இத ஏம்மா நீ அன்னிக்கே சொல்லல?”

“சொல்ல வந்தேன். ‘மேடம், இவருக்கும்’னு ஆரமிச்சேன். நீங்க கைய காட்டி, ஒரு நிமிஷம் இரும்மான்னீங்க. அப்பறம் நர்ஸு அடுத்த பேரக் கூப்ட்டாங்க. வூட்ல அவுருகிட்ட சொன்னப்ப, இது வெறும் மச்சம்னுட்டாரு.”

அப்படிக் கை காட்டியது எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நான் கை காட்டுகிறவள்தான். ஆயிரம் பேரிடம் அப்படிக் காட்டியிருப்பேன்.

“அப்போ என்கிட்டேர்ந்து வரலையா மேடம்?” என்று கேட்டாள்.

“வரல. நான் பாக்காம சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை. “இத நீங்க எனக்கு சொன்னா போதாது. அன்னிக்கு யாரு முன்னாடி சொன்னீங்களோ அவுங்க முன்னாடி, இதே ரூம்ல சொல்லணும்,” என்றாள்.

சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அது எவ்வளவு சிக்கல் என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அப்போது நான் ஈசிஆர் கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருந்தேன். முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் படகுத் துறைக் கூட்டத்தில் வண்டி அரை மணி நேரம் நின்றுவிட்டது. எஸ்தரிடமிருந்து வரவில்லை என்று சொன்னால், வேறு யாரிடமிருந்து என்ற கேள்வி வரும். பதில் தேவராஜின் சட்டைக்குள் இருக்கிறது. அவர் என் நோயாளி இல்லை. அவருடைய உடம்பைப் பற்றி அவர் அம்மாவிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒருத்தியின் உடம்பைக் காட்டிச் செய்த தவறை இன்னொருவரின் உடம்பைக் காட்டிச் சரி செய்ய முடியாது. மறுநாள் மருத்துவமனை நிர்வாகியிடம் விஷயத்தைச் சொன்னேன். “தப்புன்னு ஒத்துக்காதீங்க டாக்டர், புதுப் பரிசோதனையில தெரிய வந்ததுன்னு சொல்லிடுங்க,” என்றார். நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார். அந்த யோசனை எனக்குப் பிடித்தும் இருந்தது. இரண்டு நாள் அதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

முதலில் தேவராஜைத் தனியாக வரச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை வந்தார். ஒல்லியாகிவிட்டிருந்தார். குழந்தையின் கண்ணைப் பற்றிச் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

“இது சும்மா மச்சம் மேடம். எனக்குப் பொறந்ததுலேர்ந்து கீது.”

முதுகில் எண்ணத் தேவையில்லாத அளவுக்குத் திட்டுகள். இடுப்பருகே மெத்தென்று நாலைந்து முடிச்சுகள். அக்குளில் அதே புள்ளிகள். சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே நோய் ஒருவருக்குத் தோலோடு நின்றுவிடும், அவர் பிள்ளைக்குக் கண்ணைத் தாக்கும். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இதில் யார் தப்பும் இல்லை. இதையெல்லாம் சொல்லும்போது என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது. இதை இரண்டரை வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

அவர், “எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க மேடம்,” என்றார்.

“நான் சொல்ல மாட்டேன். உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும். ஆனா எஸ்தர்கிட்டேர்ந்து வரலன்னு உங்கம்மா முன்னாடி சொல்லத்தான் போறேன்.”

“அப்ப எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குமே.”

“கேட்டா எனக்குச் சொல்ல உரிமை இல்லன்னு சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன்.”

“எஸ்தருக்குத் தெரியுமா?”

“அவங்களுக்குத்தான் முதல்லேர்ந்தே தெரியும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை வந்தார்கள். அதே அறை, அதே நாற்காலிகள். தேவராஜின் அம்மா நடுவில் உட்கார்ந்தார். எஸ்தர் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வழக்கம்போல் கூட்டம். நர்ஸிடம் நான் கூப்பிடும்வரை யார் பெயரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

நிர்வாகி சொல்லிக் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. புதுப் பரிசோதனையில் தெரிய வந்தது. யாருக்கும் நஷ்டமில்லாத வாக்கியம். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்று தேவராஜின் அம்மாவிடம் சொன்னேன். “போன தடவ நீங்க வந்தப்போ, இந்த நோய் எஸ்தர்கிட்டேர்ந்து வந்ததுன்னு சொன்னேன். அது தப்பு. பரிசோதன எதுவும் பண்ணாம, கையில ரெண்டு மூணு திட்டப் பாத்துட்டு நானா சொன்னது. எஸ்தருக்கு இந்த நோய் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. தப்பு என்னோடது.”

அந்த அம்மாள் என்னை நம்பாமல் பார்த்தார். “அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. அப்ப இது எங்கேர்ந்துதான் வந்துச்சு?”

“அத சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா.”

“இன்னா பேச்சு இது? டாக்டருக்கே உரிம இல்லன்னா யாருக்குக் கீது?”

எஸ்தர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சொல்லவில்லை. தேவராஜ் சட்டையின் மேல் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மா அந்தக் கையைக் கவனித்தார். பிறகு மகனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவனுக்கும் முதுகுல அது மாதிரி கீதே,” என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. “நான்தான குளிப்பாட்டி வுட்டேன். மச்சக்காரன், நல்லா வருவான்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன்.”

அந்த அறையிலிருந்த மூன்று பேருக்கும் அந்த முதுகைத் தெரிந்திருந்தது. அவர்களில் யாரையாவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

சினிமாவாக இருந்தால் மாமியார் எழுந்துபோய் மருமகளின் கையைப் பிடித்திருப்பார். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவராஜ் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். பெனிட்டா, “போலாமாம்மா?” என்று கேட்டாள். எஸ்தர் என்னிடம், “ட்ரீட்மென்ட் எப்ப ஆரமிக்கணும் மேடம்?” என்றாள்.

திங்கட்கிழமை ஆரம்பித்தோம். ஏறக்குறைய ஒன்றரை வருடம் மருந்து ஏற்றினோம். முதலில் வாரா வாரம், பிறகு இடைவெளி விட்டு. பெனிட்டாவுக்கு முடி மெலிந்தது, வாந்தி எடுத்தாள், இரண்டு முறை கிருமித் தொற்று வந்து படுக்கையில் கிடந்தாள். எஸ்தர் காலேஜில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் படூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். தேவராஜ் பெரும்பாலும் வந்துவிடுவார். அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பார். குழந்தையை யார் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது என்பது போன்ற விஷயங்களை மட்டும் இருவரும் பேசிக்கொள்வார்கள். அவர் இரண்டு முறை அவளைத் திரும்பக் கூப்பிட்டதாக நர்ஸ் சொன்னார். அவள் போகவில்லை. வேலையை அவர் விடவில்லை. இப்போது வருடத்துக்கு ஒரு முறை அவரும் உடம்பைக் காட்டிக்கொள்கிறார். தங்கைக்கு நின்று போன கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கட்டி வளர்வது நின்றது. வலது கண் பிழைத்தது. இடது கண் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணைப் பார்த்திருந்தால் இடது கண்ணும் பிழைத்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. சில கண்கள் எவ்வளவு பார்த்தாலும் போய்விடுகின்றன. இந்தப் பதிலை எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அது உண்மையான பதில்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, முதல் நாளில் யாரிடமும் நான் பரம்பரை என்று சொன்னதில்லை. அம்மா அப்பா இருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன், தனித்தனியாகச் சொன்னேன். வராத குழந்தைகளின் பட்டியலை எடுத்து மாதத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட ஓர் ஆளைப் போடச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை போட்டேன். ஓ.பி. முடிய மாலை ஆகிவிடும். கூட்டம் என்னைத் திட்டியது. எனக்குப் பின்னால் நின்ற இளம் மருத்துவர்கள் கேலி செய்திருப்பார்கள். உங்களில் சிலரும் அதில் இருந்திருக்கலாம். பரவாயில்லை.

மருந்து முடிந்த கடைசி நாள். பெனிட்டாவின் கையிலிருந்து ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டியாகிவிட்டது. தேவராஜ் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். எஸ்தர் குனிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அன்று எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொன்னேனே தவிர, அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. ஒன்றரை வருடமாக வாய் வரை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“எஸ்தர், என்ன மன்னிச்சிடும்மா,” என்றேன்.

அவள் செருப்பின் பட்டையை இழுத்து மாட்டி முடித்தாள். நிமிர்ந்து, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். கோபமும் இல்லை, கனிவும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“அத வுடுங்க மேடம்,” என்றாள். “அடுத்த ஸ்கேன் எப்ப எடுக்கணும்?”

“மூணு மாசம் கழிச்சு.”

“தேதி எழுதிக் குடுங்க. லீவு சொல்லணும்.”

நாட்காட்டியைப் பார்த்துத் தேதியை எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தன் வலது பக்கமாக நடக்க விட்டு, பார்வையில்லாத பக்கத்து இடது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.